ஹம்முராபி கல்லில் எழுதியதும் பாபிலோனியர் களிமண்ணில் எழுதியதும்

சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோனை ஆண்டு, தன் சட்டங்களைப் பெரிய கல்லொன்றில் பொறித்து வைத்த ஹம்முராபியின் காலத்திலிருந்தும் அவருடைய வாரிசுகளின் காலத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. நிலம் விற்ற பத்திரம், கடன் சீட்டு, குத்தகை, கல்யாண ஒப்பந்தம், பாகப்பிரிவினை, வழக்குத் தீர்ப்பு என்று எல்லா வகையும் அதில் உண்டு. ஆனால் 'மன்னர் கல்லில் பொறித்த இன்ன சட்டப்படி' என்று சொல்லி ஒரு நீதிபதி தீர்ப்பளித்ததை ஏறக்குறைய எங்குமே பார்க்க முடியாது. கூலியும் விலையும் அபராதமும்கூடப் பல பலகைகளில் கல்லில் உள்ளபடி இல்லை. பள்ளிப் பாடத்தில் அந்தக் கல்லை 'உலகின் முதல் சட்டத் தொகுப்பு' என்று படித்தவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

முதலில், அது முதல் தொகுப்பே இல்லை. 'ஊர்' என்றே பெயர் கொண்ட பழைய நகரத்தின் மன்னன் ஊர்-நம்மு அதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே சட்டங்களை எழுத வைத்திருந்தான். அதற்குப் பிறகு இசின் நகரத்தின் லிபித்-இஷ்தார், அப்புறம் எஷ்னுன்னா நகரத்தின் சட்டங்கள். ஹம்முராபி அந்த வரிசையில் வருபவர். அவருக்குக் கிடைத்த புகழுக்குப் பெரிய காரணம், அவருடைய கல் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்ததுதான்.

கிடைத்த இடமும் பாபிலோன் அல்ல. இன்றைய ஈரானில் உள்ள சூசாவில், 1901–02 குளிர்காலத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு மன்னன் ஷுத்ருக்-நஹுந்தே பாபிலோனிய நகரங்களைக் கொள்ளையடித்தபோது, மற்ற வெற்றிச் சின்னங்களோடு இந்தக் கல்லையும் தூக்கிப் போயிருந்தான். 2.25 மீட்டர் உயரமுள்ள கறுங்கல். உச்சியில் நீதிக்குரிய சூரியக் கடவுள் ஷமாஷ் உட்கார்ந்திருக்க, ஹம்முராபி எதிரே நிற்கிறார். கீழே நெருக்கமாக ஆப்பு வடிவ எழுத்து. முன்பக்கத்தின் அடிப்பகுதியில் சில பத்திகளை ஏலாமியர் சுரண்டி எடுத்துவிட்டார்கள், தங்கள் மன்னன் பெயரைப் பொறிப்பதற்காக இருக்கலாம். ஆனால் அந்த இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. கல் இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 282 விதிகள் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, 1902இல் அதை மொழிபெயர்த்த ஷேய்ல் என்ற பாதிரியார் போட்டது. மூலத்தில் எண்ணே கிடையாது.

ஹம்முராபி ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. தன் வம்சத்தில் ஆறாவது மன்னர். ஆட்சியின் முதல் முப்பது வருடம் சுற்றிலும் பெரிய அரசுகள் இருக்க, நடுத்தரமான ஒரு அரசைக் கட்டிக்காத்தார். அதற்குப் பிறகுதான் லார்சா, எஷ்னுன்னா, மாரி என்று ஒவ்வொன்றாக விழுந்தன. கல்லின் முன்னுரையில் தன் ஆட்சிக்கு உட்பட்ட நகரங்களை அவர் வரிசையாகச் சொல்வதால், அது ஆட்சியின் கடைசிக் காலத்தில் நிறுத்தப்பட்டது என்று தெரிகிறது. புதிதாகப் பிடித்த ஊர்க்காரர்களிடம், 'பலவீனனைப் பலசாலி ஒடுக்காமல் பார்த்துக்கொள்ள வந்தவன் நான்' என்று சொல்ல வேண்டிய நேரம் அது. முடிவுரையில், அநியாயம் நேர்ந்தவன் என் சிலைக்கு முன் வரட்டும், கல்லை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும், அவன் மனம் ஆறட்டும் என்கிறார். பின்னால் வருபவர்கள் தன் எழுத்தை அழித்தால் அவர்களுக்கு என்ன கேடு வர வேண்டும் என்று தெய்வம் தெய்வமாக அழைத்து நீளமாகச் சாபமும் விடுகிறார். ஏலாமியர் அந்தச் சாபத்தைப் படித்தார்களோ என்னவோ, பொருட்படுத்தவில்லை.

விதிகளின் நடையும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொன்றும் 'ஒருவன் இப்படிச் செய்தால், இது நடக்கும்' என்ற ஒரே அச்சில் வரும். பாபிலோனிய அறிஞர்கள் எதைத் தொகுத்தாலும் இதே அச்சுதான். ஆட்டின் ஈரலைப் பார்த்துச் சொல்லும் குறி, நோயாளியின் அறிகுறி, கிரகணப் பலன் எல்லாம் இப்படித்தான் எழுதப்பட்டன. அதனால் இந்தத் தொகுப்பைப் பாதி அரச விளம்பரமாகவும் பாதி புலமை நூலாகவும் பார்ப்பதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. நீதிமன்றத்தில் விரித்து வைக்கும் சட்டப் புத்தகமாகப் பார்த்தால் ஓட்டைகள் கண்ணை உறுத்தும். வேண்டுமென்றே செய்யும் சாதாரணக் கொலைக்கு நேரான விதி ஒன்றுகூட இல்லை. அதே சமயம், மாணவர்கள் எழுத்துப் பழகுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இதைப் படி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவேயில் அசுர்பனிபால் மன்னன் சேர்த்த நூலகத்திலும் படிகள் இருந்தன.

சரி, 'கண்ணுக்குக் கண்'? அது இருக்கிறது, 196ஆம் விதி. ஆனால் அது ஒரு சுதந்திரக் குடிமகன் தனக்குச் சமமான இன்னொரு குடிமகனின் கண்ணைக் கெடுத்தால் மட்டும்தான். பாபிலோனியர் மனிதர்களை மூன்றாகப் பிரித்தார்கள். மேல்தட்டில் 'அவீலும்' எனப்பட்ட சுதந்திரக் குடிமகன், அதற்குக் கீழே 'முஷ்கேனும்' எனப்பட்ட தாழ்ந்த நிலையினர், கடைசியில் அடிமை. 'முஷ்கேனும்' ஒருவரின் கண் போனால் ஒரு மினா வெள்ளி, அதாவது 60 ஷெக்கல், நம் கணக்கில் அரைக் கிலோ. அடிமையின் கண் போனால் அவனுடைய விலையில் பாதி, அதுவும் அவன் எஜமானுக்கு. வைத்தியனுக்கும் அதே கணக்கு. கத்தியால் அறுத்து உயிரைக் காப்பாற்றினால் அவீலுமிடம் 10 ஷெக்கல், முஷ்கேனுமிடம் 5, அடிமைக்கு 2. வைத்தியத்தில் 'அவீலும்' ஒருவர் செத்துப்போனால் வைத்தியனின் கை போகும். கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கொத்தனாரைக் கொல்ல வேண்டும், வீட்டுக்காரனின் மகன் செத்தால் கொத்தனாரின் மகனை. எந்தக் கொத்தனாரின் மகனாவது இப்படிச் செத்ததாக ஒரு வழக்குப் பலகையும் இல்லை.

இதை 'காட்டுமிராண்டிக் கால வழக்கம்' என்று ஒதுக்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஹம்முராபிக்கு முந்திய ஊர்-நம்மு சட்டத்தில் உடல் காயங்களுக்கு வெள்ளி அபராதம்தான். எஷ்னுன்னா சட்டத்தில் ஒருவன் மூக்கைக் கடித்துத் துண்டாக்கினாலும் ஒரு மினா வெள்ளியோடு முடிந்துவிடும். ஆக, அபராதம்தான் பழைய வழி, பழிக்குப் பழி பின்னால் வந்தது. பணக்காரன் வெள்ளியை எறிந்துவிட்டுப் போய்விடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம், அரசின் கடுமையைக் காட்டும் ஆசையும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் பழசெல்லாம் கொடூரம், புதுசெல்லாம் கருணை என்று நாம் போட்டு வைத்திருக்கும் நேர்கோடு இங்கே உதவாது.

கல்லின் பெரும்பகுதி ரத்தமே சிந்தாத விஷயங்கள். கடன், வாடகைப் படகு, மாட்டுக் கூலி, வாய்க்கால் கரை. யூப்ரடிஸ் ஆற்று நீரை நம்பி வாழ்ந்தவர்கள் என்பதால் கரை விதிகள் துல்லியமாக இருக்கின்றன. தன் பங்குக் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பலாக விட்டவனால் உடைப்பெடுத்து அக்கம்பக்கத்து வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவன் தர வேண்டும். தர முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்றுப் பாதிக்கப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். 48ஆம் விதி இன்றைய விவசாயிக்கும் புரியும்: வெள்ளத்தாலோ வறட்சியாலோ விளைச்சல் போனால் அந்த வருடம் கடனுக்குத் தானியம் தர வேண்டாம், வட்டியும் கிடையாது. வட்டிக்கும் உச்சவரம்பு உண்டு. பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. எனக்குப் பிடித்தது 23ஆம் விதி. கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால், பறிகொடுத்தவன் தெய்வத்தின் முன் இழப்பைச் சொல்ல, கொள்ளை நடந்த எல்லைக்குரிய ஊரும் ஊர்த் தலைவரும் அதை ஈடு செய்ய வேண்டும்.

இனி களிமண் பக்கம் வருவோம். உண்மையான சட்டம் அங்கேதான் நடந்தது.

ஒரு வீடு கைமாறுகிறது என்றால் எழுத்தர் ஈரக் களிமண் பலகையில் நாணல் எழுதுகோலால் எழுதுவார். விற்பவர், வாங்குபவர், எல்லை, கொடுத்த வெள்ளி, கடைசியில் சாட்சிகளின் பெயர்ப் பட்டியல், மாதம், நாள், ஆண்டு. நாணயம் இல்லாத காலம், வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுத்தார்கள். முத்திரை உள்ளவர்கள் உருளை முத்திரையை உருட்டுவார்கள். இல்லாதவர்கள் தங்கள் ஆடையின் ஓரத்தையோ நகத்தையோ மண்ணில் அழுத்துவார்கள். பிறகு முழுப் பலகையையும் மெல்லிய களிமண் உறைக்குள் மூடி, உறைமேல் அதே வாசகத்தை மறுபடி எழுதி முத்திரையிடுவதும் உண்டு. வெளியே எழுதியதைத் திருத்திவிட்டதாகச் சச்சரவு வந்தால் நீதிபதிகள் முன்னால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். கடன் தீர்ந்தால் பலகையையே உடைத்துவிடுவார்கள். அதனால் நம் கைக்கு முழுசாக வந்திருக்கும் கடன் சீட்டுகளில் பல தீராத கடனாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

எழுத்தும் சாட்சியும் போதாதபோது சத்தியம். கோயிலில் வைத்துச் செய்வது உண்டு, கோயிலில் இருந்த தெய்வச் சின்னத்தை வாடகைக்கு எடுத்து வயலுக்கே கொண்டு போய் வைத்துச் சத்தியம் வாங்குவதும் உண்டு. தெய்வத்தின் முன் பொய் சொல்லத் துணியாமல் கடைசி நிமிடத்தில் சமரசத்துக்கு இறங்கியவர்களையும் பலகைகள் காட்டுகின்றன.

வழக்கை விசாரித்தவர்களும் ஒரே மாதிரி இல்லை. அரச நீதிபதிகள் ஒரு பக்கம், ஊர்ச்சபை இன்னொரு பக்கம். ஹம்முராபிக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் நிப்பூர் நகரச் சபையில் நடந்த ஒரு கொலை வழக்கு பள்ளிப் பலகைகளில் பிழைத்திருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு பூசாரியைக் கொன்றார்கள், அவன் மனைவியிடமும் சொன்னார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. அவளையும் கொல்ல வேண்டுமா என்று சபையில் விவாதம். பேசியவர்களில் ஒரு பறவை பிடிப்பவர், ஒரு குயவர், ஒரு தோட்டக்காரர் எல்லாம் இருக்கிறார்கள். 'அவள் என்ன செய்தாள், கொல்வதற்கு?' என்று இரண்டு பேர் அவளுக்காகப் பேசினார்கள்.

மன்னரும் எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. லார்சாவைப் பிடித்த பிறகு அங்கே நிலங்களைக் கவனிக்க ஷமாஷ்-ஹாஸிர் என்ற அதிகாரியை ஹம்முராபி வைத்தார். அவருக்கு மன்னர் எழுதிய கடிதங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இன்னான் தன் அப்பா காலத்து வயலை நீ எடுத்துக்கொண்டதாக என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறான், நிலையான சொத்தை எப்போதாவது பறிப்பதுண்டா, விசாரித்துத் திருப்பிக் கொடு என்கிறது ஒன்று. தன் பெரிய கல்லை அவர் இங்கே மேற்கோள் காட்டவே இல்லை. வழக்கம் என்ன, பத்திரம் என்ன சொல்கிறது, சாட்சி யார், இவ்வளவுதான் அவருக்கும் தேவைப்பட்டது.

பெண்களின் நிலையை ஒரே வரியில் சொல்ல முடியாது. கல்யாண ஒப்பந்தங்களில் பரிசம், சீதனம் எல்லாம் கணக்காக எழுதப்பட்டன. சில ஒப்பந்தங்களில் கணவன் 'நீ என் மனைவி இல்லை' என்றால் வெள்ளி கட்ட வேண்டும், மனைவி 'நீ என் கணவன் இல்லை' என்றால் அவளை ஆற்றில் எறிவார்கள். ஆனால் அதே நாட்டில், சிப்பார் நகரத்தில், ஷமாஷ் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட நதீத்து என்ற பெண்கள் தனி வளாகத்தில் வாழ்ந்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள், அரச குடும்பத்துப் பெண்களும் உண்டு. பிள்ளை பெறக் கூடாது. சீதனத்தைத் தங்கள் பங்காக வாங்கிக்கொண்டு வந்து நிலம் வாங்கினார்கள், குத்தகைக்கு விட்டார்கள், வெள்ளியைக் கடன் கொடுத்தார்கள். அங்கே எழுத்தர்களாக வேலை செய்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லாததால் இவர்கள் சொத்து மீண்டும் சகோதரர்கள் கைக்கே திரும்பும். குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கத்தான் மகள்களை அனுப்பினார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று அண்ணன் தம்பிகளோடு நடந்த வழக்குகளைப் பார்த்தால், அந்தப் பெண்கள் எல்லோரும் அதற்குச் சும்மா தலையாட்டியதாகத் தெரியவில்லை.

பாபிலோனியச் சட்டத்தில் எதுவெல்லாம் உண்மையில் அமலானது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது கடன் ரத்து ஆணையைத்தான். 'மீஷரும்' என்று அதற்குப் பெயர். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்கள் கடனில் மூழ்கும், வயலை விற்கும், பிறகு பிள்ளையை, மனைவியை, தன்னையே அடகு வைக்கும். கல்லில் உள்ள 117ஆம் விதி அப்படிப் போனவர்கள் மூன்று வருடம் உழைத்தால் போதும், நான்காம் வருடம் விடுதலை என்கிறது. ஆனால் மன்னர்கள் அவ்வப்போது அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார்கள்: அந்த வகைக் கடன்களையும் அரண்மனைக்குச் செலுத்த வேண்டிய வரிப் பாக்கியையும் ஒரேயடியாக ரத்து செய்தார்கள். பதவியேற்றதும் செய்வது வழக்கம். ஹம்முராபியின் இரண்டாம் ஆண்டுக்குப் பெயரே 'நாட்டில் நியாயத்தை நிலைநாட்டிய ஆண்டு'.

கி.மு. 1646இல் அம்மி-சதூகா மன்னன் வெளியிட்ட ஆணையின் வாசகம் நம்மிடம் உள்ளது. அதன் சாமர்த்தியம் விலக்குகளில் இருக்கிறது. வயிற்றுக்காக வாங்கிய வட்டிக் கடன் ரத்து. வியாபாரத்துக்குக் கூட்டு முதலாகப் போட்ட வெள்ளி ரத்தாகாது. கடனை விற்பனை போலவோ வைப்புத் தொகை போலவோ மாற்றி எழுதி ஏமாற்றினால் தண்டனை. ரத்தான கடனை வசூலித்தவன் திருப்பித் தர வேண்டும். வட்டிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, இந்தக் கடன் ஆணைக்குப் பிறகு கொடுத்தது என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். யாரும் அமல்படுத்தாத ஆணைக்காக யாரும் பத்திரத்தின் வாசகத்தை மாற்ற மாட்டார்கள். மன்னர்களுக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. கடன் கொடுத்தவனிடம் மாட்டிய விவசாயி வரியும் கட்ட மாட்டான், படைக்கும் வர மாட்டான்.

கி.மு. 1595இல், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மன்னன் முர்சிலி பாபிலோனைச் சூறையாடியதோடு அந்த வம்சம் முடிந்தது. பிறகு காசைட்டுகள் என்ற வேற்று இனத்தார் ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆண்டார்கள். நாம் பைபிளில் கேள்விப்படும் பாபிலோன், நெபுகாத்நேச்சரின் பாபிலோன், ஹம்முராபிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. அவன் எருசலேமை அழித்து யூதர்களைக் கொண்டு போனான். அங்கே சிறையிருந்த யூதா மன்னன் யோயாக்கீனுக்கு அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்குகூடக் களிமண்ணில் இருக்கிறது. அதே காலத்தில் ஏகிபி என்ற வணிகக் குடும்பம் ஐந்து தலைமுறைக்கு வெங்காயம், பார்லி, பேரீச்சை வியாபாரம் செய்தது, கூட்டு முதலில் தொழில் நடத்தியது. கி.மு. 539இல் பாரசீகத்தின் சைரஸ் நகரத்தைப் பிடித்த பிறகும் அவர்கள் பத்திரம் எழுதுவது நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் மன்னன் பெயர் மட்டும் மாறியது.

இந்தச் சட்ட மரபிலிருந்து நமக்கு வந்தது என்ன என்றால், நேர்வாரிசு என்று பைபிளின் சில பகுதிகளைத்தான் ஓரளவு சொல்லலாம். ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றால் உயிரோடுள்ள மாட்டின் விலையையும் செத்த மாட்டையும் இருவரும் பங்கிட வேண்டும் என்று எஷ்னுன்னா சட்டம் சொல்கிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்திலும் அதுவே இருக்கிறது. தற்செயல் என்று சொல்வது கடினம். ஆனால் இன்றைய நீதிமன்றங்களின் வேர் பாபிலோனில் என்று மேடையில் பேசுவதெல்லாம் மிகை. ரோமச் சட்டத்துக்கும் ஹம்முராபிக்கும் நேர்த்தொடர்பு காட்ட யாராலும் முடிந்ததில்லை.

பாபிலோனியர் விட்டுப் போனது வேறு வழியாக வந்தது. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் சட்டத்திலிருந்து வானத்துக்குப் போனது. இரண்டையும் இணைத்தது நாள்காட்டியும் வரிவசூலும்தான். அவர்கள் மாதம் நிலவைப் பார்த்துத் தொடங்குவது, அதனால் அவர்கள் ஆண்டு சூரிய ஆண்டைவிடக் குறைவாக இருக்கும், அவ்வப்போது அதிக மாதம் சேர்க்க வேண்டும். ஹம்முராபி சின்-இத்தினம் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இதைத்தான் சொல்கிறது (எலூலு அவர்களின் ஆறாம் மாதம், தஷ்ரீது அதற்கு அடுத்தது): ஆண்டில் குறை இருக்கிறது, வரும் மாதத்தை இரண்டாம் எலூலு என்று பதிந்துகொள், ஆனால் தஷ்ரீது 25ஆம் தேதி வர வேண்டிய வரி இரண்டாம் எலூலு 25ஆம் தேதியே வந்துவிட வேண்டும். ஒரு மாதம் கூடியது, ஆனால் கட்ட வேண்டியவனுக்கு ஒரு நாள்கூடத் தவணை கிடைக்கவில்லை!

பின்னாளில் பாபிலோனிய எழுத்தர்கள் இரவு இரவாக வானத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார்கள். நம்மிடம் உள்ள மிகப் பழையது கி.மு. 652, கடைசியானது கி.மு. 61. கோள்களின் இடம், கிரகணம், மேகம், ஆற்று நீர்மட்டம், ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு பேரீச்சை, எவ்வளவு கம்பளி என்று மாதாமாதம் பதிவு. கி.மு. 323இல் அலெக்சாண்டர் பாபிலோனில் செத்த நாளுக்கு நாட்குறிப்பு மன்னர் இறந்தார், மேகம் என்று மட்டும் குறிக்கிறது. இந்தக் குவியலிலிருந்துதான் 18 ஆண்டுக் கிரகணச் சுழற்சி, 19 ஆண்டுக்கு ஏழு அதிக மாதம் என்ற கணக்கு, 12 ராசிக்கு 30 பாகை வீதம் பிரித்த வட்டம் எல்லாம் வந்தன. கிரேக்க வானியலாளர் தாலமி தன் கணக்குக்குக் கி.மு. 721 பாபிலோனியக் கிரகணப் பதிவைப் பயன்படுத்தினார். வட்டத்துக்கு 360 பாகை, மணிக்கு 60 நிமிடம் என்பதும் அவர்களின் 60 அடிப்படை எண்முறையின் மிச்சம். ராசிகள் கிரேக்கர் வழியாகக் கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டுகளில் இந்தியாவுக்கு வந்தன. சூரியன் மேஷத்தில் நுழையும் நாளைச் சித்திரை முதல் நாளாக நாம் கொள்வதில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

இன்னொரு தொடர்பு தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. சந்திரன் ஒரே சீராக ஓடுவதில்லை, வேகம் கூடிக் குறையும். ஒரு வேகச் சுற்றுக்கு 27 நாளும் கொஞ்சமும் ஆகும். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்பது பாபிலோனியர் கண்ட எளிய கணக்கு. இந்த 248, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றிலும் இருக்கிறது, நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் சந்திர வாக்கியங்களிலும் இருக்கிறது, சந்திரனின் இடத்தைக் குறிக்கும் எண்ணைச் சொற்களில் மறைத்து வைத்த, நாளுக்கொன்றாக 248 வாக்கியம். 1825இல் புதுச்சேரியில் இருந்த வாரன் என்ற வானியலாளர், பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு அந்த ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணிப்பதை எழுதி வைத்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. அந்த முறையின் பின்னாலுள்ள வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபவர் 1952இல் இந்தக் குறிப்பை எடுத்து ஆராய்ந்து, சித்தாந்தங்கள் எனப்படும் சமஸ்கிருத வானியல் நூல்களின் வடிவியல் முறையிலிருந்து வேறுபட்ட இந்தக் கூட்டல் கழித்தல் வழி, கிரேக்க காலத்தைத் தாண்டிப் பாபிலோனுக்குப் போகிறது என்று காட்டினார்.